சாவி தொங்கும் ஆணி

"விண்டோஸா, மேக்கா, லினக்ஸா? ஒரே வார்த்தையில சொல்லிருங்க டீச்சர். ஞாயித்துக்கிழமை பொதுக்குழு."

கேட்டவர் இசக்கிராஜ். உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர். சிறை பார்த்தவர். அதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்பவர்.

டீச்சரின் பெயர் அந்தோணிக்கனி. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஊழியர் சங்கம் கட்டப் பார்த்தார். வேலையைப் பறித்து வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். இப்போது தூத்துக்குடியில், சைக்கிள் கடை மாடியில், கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறார். இசக்கிராஜைவிட வயதில் சின்னவர். ஆனாலும் இசக்கிராஜ் அவரிடம்தான் மவுஸ் பிடிக்கக் கற்றார்.

"உக்காருங்க அண்ணாச்சி. நீங்களும் உக்காருங்க."

இரண்டாவது சொன்னது செல்லத்தாயிடம். அவர் அளத்தில் உப்பு வாருபவர். சங்கத்து லேப்டாப் ஒன்றைச் சேலைத் தலைப்பால் மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார். சங்கச் சொத்து ஊருக்குள் நகர்ந்தால் செயலாளரோடு ஓர் உறுப்பினரும் கூட நகர வேண்டும். சங்கத்தின் சட்டம் அது.

"என்ன தகராறு?" என்றார் டீச்சர். "கம்ப்யூட்டர் தானமா வந்தா சந்தோசந்தான படணும்?"

"வந்த அன்னைக்குப் பட்டோம். மறுநாளே ரெண்டா நிக்கோம். எந்த இயங்குதளம் போடுறதுன்னு சண்டை. பொன்பாண்டி, நம்ம துணைத் தலைவரு, விண்டோஸ்ங்கான். நான் லினக்ஸ்ங்கேன். ஆளுக்குப் பாதிப் பெட்டியில போட்டும் வச்சிட்டோம். பாதிச் சங்கம் அவன் பக்கம்."

"தோத்தா?"

"பதவிய எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன். என் பேச்ச மதிக்காத சங்கத்துல எனக்கு என்ன சோலி?"

டீச்சர் தலையசைத்தார். "சரி. ஒப்பிட்டுப் பாத்தீங்களா?"

இதற்காகத்தான் இசக்கிராஜ் காத்திருந்தார். எழுந்து நின்றார். உட்கார்ந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"விண்டோஸ். எல்லாருக்கும் பழகின முகம். பேங்க்ல அதுதான், பள்ளிக்கூடத்துல அதுதான். ஆனா உரிமத்துக்குத் துட்டு கட்டணும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு நாம பாக்க முடியாது. காலம் பூரா வாடகைக்குக் குடியிருக்கிற மாதிரி."

"அடுத்து?"

"மேக். பாக்க அழகு, உழைக்கவும் உழைக்கும். ஆனா அவன் செஞ்ச பெட்டியிலதான் அது ஓடும்."

"உங்ககிட்ட அந்தப் பெட்டி இருக்கா?"

"இல்ல."

"பின்ன?"

"ஒப்பிடும்போது ஒண்ண விட்டுட்டா பொன்பாண்டி கேப்பான்லா?"

செல்லத்தாய் சிரித்தார். இசக்கிராஜ் முறைத்தார். சிரிப்பு நிற்கவில்லை.

"லினக்ஸ்," என்றார் இசக்கிராஜ். குரல் மேடைக்கு ஏறியது. "உலகம் முழுக்க ஆளுங்க சேந்து கட்டினது. மூலநிரல் திறந்து கெடக்கு. யாரும் படிக்கலாம், யாரும் மாத்தலாம், யாரும் அடுத்தவனுக்குக் குடுக்கலாம். பழைய பெட்டியிலயும் ஓடும். எங்க சங்கச் சாவி மாதிரி டீச்சர்."

"அது என்ன சாவி?"

"எங்க ஆபீஸ் சாவி யாரு இடுப்புலயும் இருக்காது. கொடிக்கம்பத்துல ஒரு ஆணி. அதுல தொங்கும். மழையடிச்சாலும் வெயிலடிச்சாலும் அங்கதான். உறுப்பினர் எவரும் எடுக்கலாம், திறக்கலாம், உக்காந்து அழலாம், தூங்கலாம். சாவிய வீட்டுக்குக் கொண்டு போன ஒரு தலைவர நாங்களே எறக்கியிருக்கோம். எறக்குனது நாந்தான்."

அவர் மார்பு நிமிர்ந்தது. நிமிரட்டும். அந்த ஆணியை அடித்த கைகளுக்கு அந்த உரிமை உண்டு. ஊரில் எத்தனையோ சங்கங்கள். ஆபீஸ் கிடைத்தவுடன் சாவியைத் தலைவர் இடுப்பில் செருகியவைதான் பெரும்பாலும். இந்தச் சங்கம் செருகவில்லை.

"செல்லத்தாய் அக்கா," என்றார் டீச்சர். "நீங்க யாருக்குக் கை தூக்கப் போறீங்க?"

"பொன்பாண்டிக்கு."

இசக்கிராஜ் திரும்பினார். "ஏ தாயி! என் கூடவே ஆட்டோவுல வந்துட்டு..."

"ஆட்டோவுக்கு வந்தேன். அதுக்காக ஓட்டையும் ஏத்திவிடணுமா?"

"காரணம் சொல்லு."

"என் மகளுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்த லேப்டாப்புல நான் நோட்டீஸ் அடிச்சுப் பழகியிருக்கேன். பொன்பாண்டி விண்டோஸ் போட்டு வச்சிருக்கிற பெட்டிக்கிட்ட போனேன், அடிச்சேன். ஒங்க பெட்டிக்கிட்ட போனேன், முடியல."

"ஏன் முடியல? அதவிட லேசு இது. நானே உக்காந்து போட்டேன். ஒருத்தர் ஒத்தாசை இல்லாம!"

டீச்சர் கை நீட்டினார். செல்லத்தாயின் கையிலிருந்த லேப்டாப்பை வாங்கினார். மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தார். பித்தானை அழுத்தினார். பிறகு திரையைச் செல்லத்தாய் பக்கம் திருப்பி வைத்தார்.

திரை வெளிச்சமானது. அழகான நீலம். நடுவில் ஒரு பெயர்: இசக்கிராஜ். அதன் கீழே ஒரு வெற்றுக் கட்டம். கடவுச்சொல் கேட்டது.

செல்லத்தாய் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"அது அண்ணாச்சிக்குத்தான் தெரியும்," என்றார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"வேற யாருக்கும் தெரியாது."

"எல்லாப் பெட்டியிலயுமா?"

"அவரு லினக்ஸ் போட்ட எல்லாத்துலயும்."

இசக்கிராஜ் சிரித்தார். "பாதுகாப்பு வேண்டாமா டீச்சர்? உறுப்பினர் பேரு, விலாசம் எல்லாம் உள்ள இருக்கு. கண்ட ஆளும் கை வச்சா கெட்டுப்போகும்."



"இது பழைய பேச்சுல்லா," என்றார் செல்லத்தாய்.

"என்னது?"

"கண்ட ஆளும் கை வச்சா கெட்டுப்போகும். அளத்துல குடிதண்ணித் தொட்டிக்கு முதலாளி ஆளு பூட்டுப் போட்டப்ப இதையேதான் சொன்னான். நாக்கு வறண்டு நாங்க நிக்கோம். நீங்க கடப்பாறையோட வந்தீங்க அண்ணாச்சி. எனக்கு மறக்கல."

இசக்கிராஜ் திரையிலிருந்த தன் பெயரைப் பார்த்தார்.  

டீச்சர் கேட்டார்: "சாவி எங்க அண்ணாச்சி?"

அவ்வளவுதான் கேட்டார். எழுந்து போய் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டார்.

கீழே யாரோ சைக்கிள் டயருக்குக் காற்றடித்தார்கள். இசக்கிராஜ் மேஜையருகே வந்தார்.

பிறகு குனிந்தார். தன் கடவுச்சொல்லை அடித்தார். உள்ளே போனார். புதிய பயனர் என்ற இடத்தைத் தேடிப் பிடித்தார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாக அடித்தார்: செல்லத்தாய்.

திரை கேட்டது: சாதாரணப் பயனரா, நிர்வாகியா?

இசக்கிராஜின் விரல் நின்றது.  தடியடிக்கு நடுவே ஓடாத மனிதர் அவர். ஒரு சிறு கட்டத்தின் முன் தயங்கினார்.

நிர்வாகி என்பதை அழுத்தினார்.

"என்னால முடியுறதெல்லாம் இனிமே உன்னாலயும் முடியும்," என்றார். குரல் மேடையில் இல்லை. "மத்தவங்களுக்கு நீயும் போட்டுக் குடுக்கலாம். என் பேரையே நீ எடுத்துரலாம்."

"எடுத்துருவேன், பாத்துக்கிடுங்க."

"எடு. ஆணியில தொங்குற சாவிக்கு நான் காவல் நின்னதில்ல."

திரை அடுத்த கட்டத்தைக் காட்டியது. புதிய கடவுச்சொல்.

செல்லத்தாய் நாற்காலியை முன்னால் இழுத்தார். உப்பில் வெடித்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து செயலாளரைப் பார்த்தார்.

இசக்கிராஜுக்குப் புரிந்தது. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எழுத்துகள் விழும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"அப்ப ஞாயித்துக்கிழமை..." என்று சுவரிடம் ஆரம்பித்தார் இசக்கிராஜ்.

"அது ஞாயித்துக்கிழமை. மொதல்ல இத ஓட்டிப் பாக்கேன்."

"சரி. திரும்பட்டுமா?"

"நில்லுங்க அண்ணாச்சி. நான் சொல்லும்போது திரும்பினாப் போதும்."

இசக்கிராஜ் நின்றார். கொடியேற்றும்போது நிற்பதுபோல், நிமிர்ந்து நின்றார்.