இரண்டு சாண் சதுரம்

காஸ்பார் தன் அண்ணன் தொம்மையைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவர் வள்ளத்தின் முனையில் நின்று பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். "வலையில பொத்தல் இருக்குல, சாயங்காலம் உக்காந்து தைப்போம்" என்று கரையைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான். வள்ளம் அலையைத் தாண்டிப் போய்விட்டது.

தொம்மை தினமும் பத்து மணிக்குக் கரை தொடுகிறவர். கோயில் கடிகாரம் நின்றுபோனால் அவர் வள்ளத்தைப் பார்த்து முள்ளைத் திருப்பி வைக்கலாம் என்று ஊரில் சொல்வார்கள். அன்று பதினொன்றாகியும் அவர் வரவில்லை. கடல் என்றால் இரண்டு மூன்று மணி நேரம் பிந்தத்தான் செய்யும் என்று ஊர் காத்திருந்தது. மணியடித்துத் தேடப் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. கவிழ்ந்த வள்ளம் மட்டும் கிடைத்தது.

கைபேசி வராத காலம் அது. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால் கோயில் மணியை விடாமல் அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் சோற்றில் கை வைத்தவனும் எழுந்து ஓடி வள்ளத்தைத் தள்ள வேண்டும் என்பது ஊர்க்கட்டு.

அண்ணன் போன பிறகு மணியடிக்கும் பொறுப்பைக் காஸ்பார் கேட்டு வாங்கிக்கொண்டார். யார் கொஞ்சம் பிந்தினாலும் அடித்தார். ஊரே பாய் விரித்துப் போகும். தேடப்பட்டவன் பாதி வழியில் பீடியைப் பிடித்துக்கொண்டு எதிரே வருவான். மூன்று நான்கு முறை இப்படி ஆனதும் ஊர்த்தலைவர் பிச்சையா அவரை மடக்கினார்.

"வே காஸ்பார், உமக்கு வயிறு கலங்குறப்பல்லாம் நாங்க கடலுக்கு ஓடணுமா? இன்னொரு தடவ வெட்டியா அடிச்சீர்னா கயிறு வேற ஆள் கைக்குப் போயிரும். அது கிடக்கட்டும், நீர் அடிச்சா இனி எவனும் வரமாட்டான்."

கயிறு போவதைக் காஸ்பார் பெரிதாக நினைக்கவில்லை. அடித்தும் யாரும் வராத ஒரு நாளை நினைத்தபோதுதான் அவருக்குத் தூக்கம் போயிற்று.

கடற்கரைப் பள்ளிக்கூடத்தில் அமலோற்பவம் டீச்சர் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். காஸ்பாரைவிடப் பதினைந்து வயது இளையவர். காஸ்பார் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"எப்பப் பயப்படணும்னு எனக்குச் சொல்லித்தரணும், டீச்சர்."

"யாருக்காக, அண்ணே?"

"கடலுக்குப் போறவங்களுக்காகத்தான்."

"யாருன்னு கேட்டேன்."

காஸ்பார் யோசித்தார். மகள் பிரகாசியைக் கட்டியவன் முகம்தான் முதலில் வந்தது. "ரெஜிஸுக்காக."

"அவர் அஞ்சு தடவை கடலுக்குப் போய்ட்டு வரட்டும். எத்தனை மணிக்குக் கரை தொடுறார்னு பாத்து மனசுல வச்சுக்கோங்க. அப்புறமா வாங்க."

காஸ்பார் பார்த்து வைத்துக்கொண்டார். ஆனால் ஆறாவது தடவை போனவன் பகல் ஒரு மணியாகியும் வரவில்லை. அன்று சனிக்கிழமை. காஸ்பார் ஓடிப்போய் டீச்சரைக் கையோடு கரைக்குக் கூட்டிவந்தார். பிரகாசி இடுப்பளவு தண்ணீரில் நின்று தூரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிச்சையாவும் இன்னும் சிலரும் வள்ளத்து நிழலில் வலை தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சு நாளும் எப்ப வந்தார்?" டீச்சர் கேட்டார்.

"ஏழு. ஒம்பது. பத்து. பதினொண்ணு. ஒருநாள் பகல் ஒண்ணு."

"பகல் ஒண்ணைப் பதிமூணுன்னு வச்சுக் கூட்டுங்க."

"அம்பது."

"அஞ்சு நாளைக்கும் சமமாப் பங்கு போடுங்க."

"பத்து." காஸ்பாருக்கு ஆச்சரியமாக இருந்தது. "எங்க அண்ணனுக்கும் பத்துதான்."

டீச்சர் ஒரு குச்சியை ஈர மணலில் ஊன்றினார். "அந்தப் பத்து இதுதான். இதுலேருந்து ரெஜிஸ் ஒவ்வொரு நாளும் எவ்வளவு விலகினார்?"

"மூணு மணி முந்தி. ஒரு மணி முந்தி. ஒருநாள் சரியாப் பத்து. அப்புறம் ஒரு மணி பிந்தி, மூணு மணி பிந்தி."

"அப்போ, வழக்கமா எவ்வளவு விலகுறார்?"

காஸ்பார் விரல் மடக்கினார். பிந்தியதைக் கூட்டினார், முந்தியதைக் கழித்தார். திரும்பவும் போட்டுப் பார்த்தார். 

"ஒண்ணுமே இல்ல, டீச்சர். பூஜ்யம். அவன் விலகவே மாட்டான்! இன்னைக்கு மூணு மணி நேரம் ஆயிப்போச்சே!"

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் மணிக்கூண்டுக்கு ஓடினார். பிரகாசியும் நனைந்த சேலையோடு பின்னால் ஓடினாள்.

"ஏல, எவனும் எந்திரிக்காதீங்க" என்று பிச்சையா சத்தமாகச் சொன்னார். "காஸ்பாருக்கு வயிறு கலங்கிருச்சி." வள்ளத்து நிழலில் சிரிப்பு எழுந்தது.

காஸ்பார் கயிற்றைப் பிடித்துவிட்டார். டீச்சர் மெதுவாக நடந்துவந்து சேர்ந்தார். அவரிடம் பேசாமல் பிரகாசியைப் பார்த்துக் கேட்டார்.

"ரெஜிஸ் மூணு மணி முந்தி வந்த அன்னைக்கு எப்படியிருந்த?"

"நிம்மதியா இருந்தேன்."

"மூணு மணி பிந்தி வந்த அன்னைக்கு?"

"செத்துப் பொழைச்சேன்."

"அந்த நிம்மதியை இந்தப் பயத்துல கழிச்சுக்கிட்டியா?"

"அது எப்படிக் கழியும், டீச்சர்? அது வேற நாளு, இது வேற நாளு."

டீச்சர் காஸ்பார் பக்கம் திரும்பினார். "உங்க மகளுக்குக் கழியலை. நீங்க மட்டும் எப்படிக் கழிச்சீங்க? கயிறை விட்டுட்டு வாங்க."

"மணல்ல வெளையாட நேரமா இது?"

"நாலு சதுரம் போடுற நேரம்தான், அண்ணே."

கயிற்றை விட மனமில்லாமல் விட்டுவிட்டுக் காஸ்பார் குச்சி ஊன்றிய இடத்துக்கு வந்தார்.

"ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாண். முந்தினதோ பிந்தினதோ, விலகினது எத்தனை சாணோ அத்தனை சாண்ல ஒரு சதுரம் போடுங்க."

காஸ்பார் மண்டியிட்டுச் சாணால் அளந்து கோடு கிழித்தார். மூன்று சாணில் இரண்டு சதுரம், ஒரு சாணில் இரண்டு. சரியாகப் பத்து மணிக்கு வந்த நாளுக்குச் சதுரம் எதுவும் விழவில்லை.

"இதுல எது முந்தின நாள், எது பிந்தின நாள்?"

காஸ்பார் பார்த்தார். "தெரியல. ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் கிடக்கு."

"சதுரத்துக்கு அது தெரியாது. விலகினது மட்டும்தான் தெரியும். இப்ப ஒவ்வொண்ணையும் சின்னச் சின்னச் சாண் கட்டமாப் பிரிச்சு எண்ணுங்க."

"இதுல ஒம்பது, அதுல ஒம்பது. இது ஒண்ணு, அது ஒண்ணு. இருபது."

"அஞ்சு நாளைக்கும் பங்கு. சதுரம் விழாத நாளும் நாளுதான்."

"நாளுக்கு நாலு கட்டம்."

"நாலு கட்டத்தையும் சேத்து ஒரே சதுரமா அடுக்குங்க. அதோட ஒரு பக்கம் எத்தனை சாண்?"

காஸ்பார் கையை வைத்து அளந்தார். "ரெண்டு."

"ரெண்டு மணி நேரம். முன்னயோ பின்னயோ அவ்வளவு விலகுறது ரெஜிஸோட சுபாவம். புத்தகத்துல இதுக்குத் திட்டவிலக்கம்னு பேர்."

"இப்பவே மூணு மணி நேரம் ஆச்சே?"

"ஆச்சு. அவர் சுபாவத்துல ஒண்ணரைப் பங்கு. கண்ணை எடுக்காமப் பாக்கணும். இன்னும் பயப்பட வேண்டாம். ரெண்டு பங்கு விலகுறது அபூர்வம், அப்பப் பயப்படலாம். அது எப்ப ஆகும்?"

"நாலு மணி நேரம். பகல் ரெண்டு மணி."

"ரெண்டு மணிக்குக் கயிறைப் பிடிங்க. அஞ்சு நாளை வச்சுப் போட்ட கணக்கு, அதுக்கு மேல அதை நம்பி உக்கார வேண்டாம். அடிச்சும் யாரும் எந்திரிக்கலேன்னா, ஒவ்வொருத்தர் கையா நானே பிடிச்சு இழுக்கிறேன்."

இதைப் பிச்சையா கேட்டார். வலை ஊசியைக் கீழே வைத்தார். சிரிப்பு நின்றிருந்தது.

காஸ்பார் மணலில் உட்கார்ந்தார். மணி ஒன்றரை ஆயிற்று. கடலைப் பார்த்தபடியே, "எங்க அண்ணனுக்குப் போட்டா எத்தனை சாண் வரும், டீச்சர்?" என்று கேட்டார்.

"நீங்களே போடுங்க."

காஸ்பார் கையை விரித்தார். பிறகு மடக்கிக்கொண்டு, சுண்டுவிரல் நகத்தால் மணலில் ஒரு கட்டம் கீறினார். அரிசி அளவுதான் இருந்தது. 

"அவருக்கு அரை மணி நேரமே அதிகம்" என்றார்.

பிச்சையா எழுந்துவந்து அந்தக் கட்டத்தைக் குனிந்து பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் இருக்கும்போது பிரகாசி கத்தினாள். தெற்கே, யாரும் பார்க்காத பக்கத்தில், ஒரு பாய் தெரிந்தது. காஸ்பார் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் மணலில் ஊன்றிக்கொண்டு மூச்சு விட்டார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தவன் யாரோ இறங்கிப் போனதுபோல் இருந்தது.

ரெஜிஸ் இறங்கும்போதே பல்லைக் காட்டினான். "சாளை மீன் கூட்டம் மாமா! தெக்க இழுத்துக்கிட்டே போயிருச்சி. விட மனசு வரல."

"வீட்டுக்கு வா. உனக்கு நான் சதுரம் போடுதேன்" என்றாள் பிரகாசி.

கரையே சிரித்தது. அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். சாளையை அள்ளிக் கூடையில் போட எல்லோரும் ஓடினார்கள். மணி அன்று அடிக்கப்படவில்லை.

சந்தடி அடங்கியதும் காஸ்பார் டீச்சரிடம் வந்தார். "ரெண்டு மணி தாண்டியிருந்தா அவன் இல்லேன்னு அர்த்தமா, டீச்சர்?"

"அதைக் கணக்கு சொல்லாது. நீங்க எந்திரிக்க வேண்டிய நேரத்தை மட்டும்தான் சொல்லும்."

பிச்சையா பக்கத்திலேயே நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கயிறு காஸ்பார்கிட்டயே இருக்கட்டும். ஆனா ஒவ்வொரு வள்ளத்துக்கும் இப்படி மண்டி போட்டுக்கிட்டு இருக்க முடியுமா, டீச்சர்? ஊருக்கெல்லாம் சேத்து ஒரே சதுரமாப் போட்டுக் குடுத்துருங்களேன்."

டீச்சர் செருப்பில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"கடலுக்குப் போறது ஊரா, ஆளா?"

காஸ்பார் கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த வள்ளங்களை ஒரு முனையிலிருந்து பார்த்துக்கொண்டு போனார்.

அந்தக் கரையில் இருபத்தாறு வள்ளங்கள் இருந்தன.