துயிலியின் உப்புக் கதவுகள்

கடல்புல் மெல்ல அசையும் ஆழமற்ற குடாவில், மணலைப் போர்த்திக்கொண்டு துயிலி என்ற மின் திருக்கை படுத்திருந்தாள். அருகே, அன்று காலை பிறந்த அவளுடைய இரண்டு குட்டிகள். மேலிருந்து ஒளி நெளிந்து நெளிந்து இறங்கி, மூவரின் முதுகிலும் வலை பின்னியது.

துயிலியின் உடலில், நரம்புகளோடு பிணைந்த எண்ணற்ற சிற்றறைகள் இருந்தன. அவள் அசையாதிருக்கும்போது அவை உப்பின் அயனிகளை இடைவிடாமல் வெளியே தள்ளும். வெளிப்புறம் நேர்மின்னும் உட்புறம் எதிர்மின்னுமாக, இரண்டும் சுவரின் இருபக்கமும் காத்து நிற்கும். நரம்பு ஆணையிட்டதும் சுவரின் நுண்கதவுகள் திறக்கும். உப்பு உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சலே மின்னடி! பிறகு உப்பை மறுபடி வெளியேற்ற வேண்டும். அதற்கு ஓய்வு வேண்டும்.

கொடுக்கன் என்ற நண்டு இதை அறிந்திருந்தான். பாறை இடுக்கில் வாழ்ந்த அஞ்சாளை என்ற பெரிய விலாங்கோடு அவன் ஓர் உடன்பாடு செய்திருந்தான். குட்டிகள் அஞ்சாளைக்கு, சிந்தும் துணுக்குகள் நண்டுக்கு.

"அக்கா, உங்கள் மின்னடியை இந்த மடவை மீன்கள் நம்ப மறுக்கின்றன. ஒரு முறை காட்டுங்களேன்!" என்றான் கொடுக்கன்.

துயிலி காட்டினாள். புல்லுக்குள் இருந்த இறால்கள் துள்ளி விழுந்தன. மடவைகள் வாலால் நீரை அடித்து ஆரவாரம் செய்தன.

"இவ்வளவுதானா? தெற்குக் குடாவின் திருக்கை இதைவிடப் பலமாக அடிப்பாளாமே!" என்று சீண்டினான் கொடுக்கன்.

"அவளா? இதைப் பார்!"

அடிக்க அடிக்க வலு குறைந்தது. இறுதி அடிக்கு ஓர் இறால் மீசையை மட்டும் அசைத்தது. துயிலிக்கு உடலெல்லாம் கனவில் மிதப்பதுபோல் தளர்ந்தது.

திடீரென்று மடவைகள் சிதறி ஓடின. பாறை இடுக்கிலிருந்து அஞ்சாளை நீண்டு வந்தது.

துயிலி குட்டிகளைத் தன் உடலால் மூடினாள். அடிக்க முயன்றாள், சிலிர்ப்புகூட எழவில்லை. உப்பெல்லாம் உள்ளே கிடந்தது.

"பயப்படாதீர்கள், அண்ணே! இவளிடம் ஒன்றும் மிச்சமில்லை!" என்று கூவினான் கொடுக்கன்.

துயிலி அசையாமல் கிடந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அவ்வளவு உறுதி என்றால், தம்பி, நீயே முதலில் வந்து என்னைத் தொட்டுக் காட்டேன்."

அஞ்சாளை நின்றது. "நல்ல யோசனை. போ, தொடு!"

"நானா? என் ஓடு மெல்லியது, அண்ணே! நீங்கள்தான் பெரியவர்!"

"அப்படியானால் எனக்குத்தான் பொறி வைத்தாயா?"

"ஐயோ, உங்களுக்கா? என் கொடுக்கின் மேல் ஆணை!"

"உன் கொடுக்கு எனக்கு எதற்கு? முன்னால் போடா!"

அவர்கள் சண்டையிட்டுக்கொண்டே இருந்தார்கள். கடல்புல் அசைந்தது, சாய்ந்தது, நிமிர்ந்தது. துயிலியின் அறைகளிலிருந்து உப்பு, ஓசையே இல்லாமல், வெளியேறிக்கொண்டிருந்தது.

இறுதியில் பொறுமையிழந்த அஞ்சாளை வாயைப் பிளந்து பாய்ந்து அவளைத் தொட்டது.

கதவுகள் அனைத்தும் ஒரே கணத்தில் திறந்தன!

அஞ்சாளை ஒரு கயிற்றைப்போல் துவண்டு மணலில் சரிந்தது. மயக்கம் தெளிந்ததும் அது முதலில் தேடியது கொடுக்கனைத்தான். நண்டு ஓடிய தடம் குடாவின் எல்லைவரை நீண்டிருந்தது.

"அக்கா, இன்னும் ஒரு முறை!" என்று மடவைகள் திரும்பி வந்து கெஞ்சின.

துயிலி குட்டிகளோடு மணலைப் போர்த்திக்கொண்டு கண்களை மூடினாள்.

ஆரவாரத்துக்காக ஆற்றலைச் செலவழிப்பவர் ஆபத்தில் வெறுமையாக நிற்பார். அமைதியில் அதைச் சேர்த்து வைப்பவரே தம்மையும் தம்மைச் சார்ந்தவரையும் காப்பார்.