பம்பர் ஒன்று, பக்கத்து சீட் ஒன்று

தண்ணீர் நிறைந்த குடம் சிமென்ட் மேடையில் விழுந்தால் வருமே, 'பொத்'தென்று, கூடவே எதுவோ கிழிகிற ஒலி, அப்படியொரு சத்தம். பல வருஷங்களுக்கு முன் கோயமுத்தூரில் பெரிய வீடுகள் உள்ள ஒரு தெருவில் அதைக் கேட்ட செவந்தி, யார் வீட்டுக் குடமோ போயிற்று என்று திரும்பிப் பார்த்தாள். அவள் பிழைப்பு அது. ஒரு கையில் கரியடுப்பு, மறு கையில் துண்டு பிளாஸ்டிக் நிறைந்த பை, "குடம், பக்கெட் ஒட்றதே!" என்று பதினைந்து வருஷமாக அந்தத் தெருக்களில் கூவி நடந்தவள்.

குடம் இல்லை. இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சிவப்பு இங்கிலீஷ் கார் ஒன்று கேட் தூணில் மோதி நின்றது. அதன் முன்பம்பர் இரும்பு அல்ல. அழுத்தினால் உள்வாங்கித் தானே நிமிர்கிற வகை. வலப்பக்கம் பெரிதாகக் குழிந்து, அந்தக் குழியின் நடுவில் முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது. இடப்பக்கம் உள்ளங்கை அகலத்தில் சின்னதாய் இன்னொரு குழி.

வண்டிக்காரி யமுனா, பெண்கள் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. இறந்துபோன தகப்பனாரின் வண்டி. வரும் ஞாயிறு பழைய கார்களின் ஊர்வலம்; பிறந்தபோதிருந்த பாகங்களோடே ஓடும் வண்டிக்கு ஒரு கோப்பை. சனிக்கிழமை பரிசோதகர் வந்து பம்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்.

"அம்மிணி, இது ஒட்டுமுங்க" என்றாள் செவந்தி.

யமுனா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டிங்கர் கதிரேசனின் பட்டறைக்கு வரச் சொன்னாள். அங்கே கதிரேசன், "ஃபைபர்ல இதே மாதிரி ஒண்ணு செஞ்சு நாளைக்கே மாட்டிடலாமுங்க மேடம்" என்றான்.

"மாட்டலாம். அழுத்தினா கல்லு மாதிரி நிக்கும். அப்பா வண்டியாவும் இருக்காது" என்றாள் யமுனா. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "விரலை வெச்சு அழுத்தினா இது உள்ளே போய்த் திரும்பி வரணும். அதுக்கு யார் வேலை இல்லாம முடியாதோ, அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை என் பக்கத்து சீட்."

செவந்திக்கு அந்த சீட் வேண்டும். அந்தத் தெருக்களில் ஒரு தடவையாவது உட்கார்ந்துகொண்டு, கூவாமல் போக வேண்டும்.

முதலில் கதிரேசன் வேலையில் இறங்கினான். பம்பரைக் கழற்றி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, பின்னாலிருந்து கையால் தள்ளினான். வலப்பக்கத்துப் பெருங்குழி வெளியே வந்தது. ஆனால் விரலை வைத்ததும் பிளவு வாயைத் திறந்தது. அழுத்திய ஓரம் உள்ளே மடிந்து அப்படியே நின்றது. "சேவியரு, இந்தப் பிளவுல பட்டி வெச்சு அடைச்சுப் பூசிடுப்பா" என்றான்.

பெயின்டர் சேவியர் கரண்டியைக் கீழே வைத்தான். "வளையற சாமானுக்குப் பட்டியா? முத அமுக்குலயே பொலபொலன்னு கொட்டிரும். நான் வெக்க மாட்டேண்ணா."

செவந்தி முன்னால் வந்தாள். கதிரேசன் சிரித்தான். "குடத்துல ஆரம்பிச்சுக் காருக்கு வந்துட்டே. அடுத்தது ஏரோப்ளேனா?"

"கீழ எறக்கிக் குடுங்கண்ணா, அதையும் பாத்தர்லாம்."

உள் ஓரத்தில் நகத்தளவு சீவி, அடுப்பில் காய்ந்த தகட்டில் வைத்தாள். கருகவில்லை; பாகாக இழுபட்டது. பையிலிருந்த குடத்துத் துண்டுகள் எதுவும் அதனோடு சேரவில்லை. எனவே கண்ணுக்குத் தெரியாத உள்மடிப்பிலிருந்தே மெல்லிய நாடாக்களாக அறுத்தெடுத்தாள். பிளவின் இரு கரையையும் சாய்வாகச் சீவி, முதலில் உட்புறம், பிறகு வெளிப்புறம், உருக்கி உருக்கி ஊட்டினாள். இரண்டு பகல் ஆயிற்று. அந்த இரண்டு பகலும் பம்பர் முற்றத்து வெயிலில் கிடந்தது.

"இடப்பக்கத்துக் குழிய யாரு எடுத்தது?" என்று கேட்டான் சேவியர்.

யாரும் தொடவில்லை என்றார்கள். ஆனால் குழி இல்லை.

பிறகு, பூச்சு வெடிக்காமலிருக்க அதற்கான மருந்தைக் கலந்து, சேவியர் சிவப்பு அடித்தான். சனிக்கிழமை பரிசோதகர் மூன்று தடவை அழுத்தினார். மூன்று தடவையும் பம்பர் உள்ளே போய், மூச்சு விடுவதுபோல் மெல்ல வெளியே வந்தது. நாலாவது தடவை அவர் ஆசைக்காக அழுத்தினார். கோப்பை யமுனாவுக்கு. பட்டறையே விசிலடித்தது.

அதன் பிறகுதான் வம்பு.

"உருவம் குடுத்தது நானுங்க. உருவமில்லாம எதை அழுத்துவாரு?" என்றான் கதிரேசன்.

"பட்டி வேண்டாம்னு தடுத்ததும் நான், வெடிக்காம பெயின்ட் அடிச்சதும் நான்" என்றான் சேவியர்.

"பிளந்ததைச் சேத்தது நானுங்க" என்றாள் செவந்தி.

மூவரும் சொன்னது உண்மைதான். வண்டியிலோ யமுனாவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சீட். வாசிக்கிறவரே, விடிந்தால் ஊர்வலம். அந்த சீட்டில் உட்காரும் நியாயம் யாருக்கு?

விடை: யமுனா ஒவ்வொருவர் வேலையாக மனசுக்குள் எடுத்துப் பார்த்தாள். பெயின்டை எடுத்துவிட்டால் பம்பர் அழகு கெடும்; ஆனாலும் வளைந்து நிமிரும். சேவியர் பட்டியைத் தடுத்தது பெரிய காரியம்தான். ஆனால் அது இன்னும் கெடாமல் காத்ததே தவிர, கெட்டதைச் சரியாக்கவில்லை. கதிரேசனின் வெந்நீரை எடுத்துவிட்டால்? இடப்பக்கத்துக் குழி பதில் சொன்னது: யாரும் தொடாமல் வெயிலிலேயே நிமிர்ந்ததே, பிளவு சேர்ந்தபின் வலப்பக்கமும் கொஞ்சம் தாமதமாக நிமிர்ந்திருக்கும். பிளவு மட்டும் எந்த வெயிலிலும் தானாகச் சேராது. ஆகவே சீட் செவந்திக்கு. ஞாயிறு காலை, மேளம் முன்னால் போக, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தான் கூவி நடந்த தெருக்களைத் தாண்டி அவினாசி ரோட்டில் போனாள். கதிரேசனும் சேவியரும் மோட்டார் சைக்கிளில் உற்சாகமாகக் கத்திக்கொண்டே பின்னால் வந்தார்கள். அடுத்த மாதம் கதிரேசன் தன் பட்டறையில் செவந்திக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தான். பத்தொன்பது வருஷம் அங்கே வேலை செய்துவிட்டு, இப்போது அவள் மகளோடு பல்லடத்தில் இருக்கிறாள்.