துளசிமணி வீட்டுத் துவைகல்

"சாமி, போலீசுக்குப் போகட்டுங்களா?" என்று கேட்டார் நஞ்சப்பன்.

மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் மடம் வைத்திருக்கும் துறவி சாமியம்மாவுக்கு, அவரை விட இருபது வயது மூத்த சீடர். கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

ஊர் மேட்டில் ஒரு கல்வட்டம் இருக்கிறது, பழங்காலத்துச் சமாதி. பிளாட் போடுகிறவர்கள் அதைத் தரைமட்டமாக்கக் காத்திருந்தார்கள். ஆறு வருசம் நஞ்சப்பன் மனுமேல் மனு எழுதியதில், நாளைக்குத்தான் தொல்லியல் அதிகாரி வருகிறார், அதைக் காப்பாற்றலாமா என்று பார்க்க. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் வட்டத்தில் ஒரு கல்லைக் காணோம்.

ஊர்க்காரர் குப்பண்ணன் அதை டிராக்டரில் கட்டி இழுத்துப் போய், மனைவி துளசிமணிக்குத் துவைகல்லாகப் போட்டுவிட்டார். கேட்கப் போன நஞ்சப்பனை, சும்மா கிடந்த கல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று துளசிமணி விரட்டியிருந்தாள்.

"எனக்குப் பசிக்குதுங்கண்ணா. அவங்க வீட்டுலயே போய்ச் சாப்பிடலாம்" என்றார் சாமியம்மா.

நஞ்சப்பன் முணுமுணுத்தார். ஆனாலும் கூடவே போனார்.

சாமியம்மாவைக் கண்டதும் துளசிமணிக்கு ஒரே சந்தோசம். இலை போட்டு, சோறும் கொள்ளுப் பருப்பும் பரிமாறினாள்.

சாமியம்மா இலையை அப்படியே தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். துவைகல்லுக்கு முன்னால் வைத்து, தண்ணீர் சுற்றிக் கும்பிட்டார்.

படையல் யாருக்கு என்று துளசிமணி கேட்டாள்.

"பேர் தெரியலை அம்மிணி. பெத்தவ செத்துப் போனப்ப, ஏதோ ஒரு புள்ள இழுத்துட்டு வந்து நட்ட கல்லு."

துளசிமணியின் அம்மா போன ஐப்பசியில்தான் செத்திருந்தாள். போன அமாவாசைக்கு இதே கொள்ளுப் பருப்பைத்தான் அவளுக்கும் படைத்தாள். துளசிமணிக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. கல்மேல் கிடந்த ஈரத்துணிகளை வாரி எடுத்தாள்.

"ஏனுங்க, டிராக்டரை எடுங்க" என்றாள் புருசனிடம்.

தெருவே கூட வந்தது. கல் எடுத்த குழி மூடாமல் இருந்ததால் ஒரே தள்ளில் பொருந்தி உட்கார்ந்தது. நஞ்சப்பன் துண்டைச் சுழற்றி ஆடியே விட்டார். சாமியம்மா திரும்பி வந்து, வேறு இலை போடச் சொல்லி, இரண்டு தரம் பருப்பு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் அதிகாரி வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எல்லாக் கல்லும் இருக்கிறது, பாதுகாக்க எழுதி அனுப்புகிறேன் என்றார். நஞ்சப்பனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இது யாருடைய சமாதி என்று ஊரில் ஏதாவது சொல்வார்களா என்று அதிகாரி கேட்டார்.

"எங்கம்மாவுதுங்க" என்றாள் துளசிமணி.

அதிகாரி சிரித்தார். "இது ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசத்துப் பழசும்மா."

"அப்பப் பாட்டின்னு எழுதிக்குங்க."