அனுமதித் தாளில் உள்ளபடி

இன்றைக்குச் சட்டசபையில் பச்சைத் துண்டோடு உட்கார்ந்திருக்கிறாரே சுள்ளிமேட்டு ராக்கியப்பன், அவர் அரசியலுக்கு வந்த கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நம்பாதீர்கள். நடந்தது இதுதான்.

சுள்ளிமேட்டில் விவசாய சங்கம் வைத்தார்கள். தலைவர் என்றால் பச்சைத் துண்டு வேண்டுமல்லவா? ஊரிலேயே அது ராக்கியப்பனிடம்தான் இருந்தது. துவைத்துக் காயப்போட்டிருந்ததால் பதவியேற்பு சாயங்காலத்துக்குத் தள்ளிப்போனது.

அந்த வருஷம் இருபது நாளாக வாய்க்காலில் தண்ணீர் இல்லை. ராக்கியப்பனின் இரண்டு ஏக்கர் மஞ்சள் வாடிக்கொண்டிருந்தது. "மஞ்சள் காஞ்சுதுன்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிருவேன்" என்று மனைவி பொன்னாத்தா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். பெட்டியைக்கூட வாசலில் எடுத்து வைத்துவிட்டாள். அவள் இல்லாமல் ஒரு நாளும் இருந்து பழகாத மனுஷன், பாவம், சோறு இறங்காமல் தவித்தார்.

டவுன் வக்கீல் ஒருவர் போலீசில் அனுமதி வாங்கிக் கொடுத்தார். 'வாய்க்காலில் தண்ணீர் வராததைக் கண்டித்து, வாய்க்காலுக்குள் பந்தல் போட்டு, திங்கள் முதல் புதன் வரை, காலை பத்து முதல் மாலை ஐந்து வரை உண்ணாவிரதம்' என்று தாளில் இருந்தது.

"தாள்ல இருக்கிறபடிதான் நடக்கணும். இம்மி பிசகினாலும் கேஸ் போட்டுருவாங்க" என்றார் வக்கீல்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தபோது மேற்கே சலசலவென்று சத்தம் கேட்டது. அட சாமி, தண்ணீர்! எல்லோர் முகமும் செத்துப்போனது.

"தண்ணி வந்துருச்சுங்க தலைவரே" என்றார் பொருளாளர் செம்பண்ணன்.

"பாத்தனுங்க."

"வராததைக் கண்டிச்சுன்னு தாள்ல இருக்குது. வந்துட்டா கேஸ் ஆயிருமுங்க."

"திருப்பி அனுப்பிச்சரலாமுங்களா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

ராக்கியப்பன் மஞ்சளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "வந்ததைத் திருப்பி அனுப்பறது மரியாதை இல்லீங்க. புதன்கிழமை அஞ்சு மணி வரைக்கும் அங்கேயே இருக்கச் சொல்லுவோம்."

ஊரே திரண்டு மேல்மதகில் பலகையை இறக்கியது. பலகைக்கு முன்னால் மணல் மூட்டைகளை அடுக்கித் தண்ணீரை நிறுத்தினார்கள். சரியாகப் பத்து மணிக்கு உண்ணாவிரதம் தொடங்கியது.

செவ்வாய்க்கிழமை பாசனப் பொறியாளர் ஜீப்பில் வந்தார். "தண்ணி விட்டாச்சே, இன்னுமா வரலே?"

"நீங்களே பாருங்க சார்" என்றார் ராக்கியப்பன். வாய்க்காலில் புழுதிதான் பறந்தது. பொறியாளர் உடனே அணைக்குப் போன் போட்டு இரண்டு மடங்கு திறக்கச் சொன்னார். செம்பண்ணன் தலைவர் காதருகே குனிந்து, "இன்னும் ரெண்டு வரிசை மூட்டை வேணுமுங்க" என்றார்.

புதன்கிழமை நான்கு மணிக்குப் பலகையும் மூட்டையும் சேர்ந்து பிய்த்துக்கொண்டு வந்தன. வாய்க்கால் நிரம்பி, பக்கத்திலிருந்த ராக்கியப்பனின் மஞ்சள் காட்டுக்குள்ளும் பாய்ந்தது. எல்லோரும் கரையேறினார்கள். ராக்கியப்பன் எழவில்லை.

"மணி அஞ்சு ஆகலீங்களே" என்றார்.

ஒரு கையால் பந்தக்காலைக் கட்டிக்கொண்டு, தாள் நனையாமல் மறுகையில் தூக்கிப் பிடித்தபடி, நெஞ்சளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் இருந்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார். மறுநாள் காலையில், தண்ணீருக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்த தலைவர் என்று ஜில்லா முழுக்க அதே பேச்சு.

பொன்னாத்தா பெட்டியோடு காட்டுக்கு வந்து பார்த்தாள். மஞ்சள் அடியோடு முழுகிக் கிடந்தது. வெகுநேரம் யோசித்தாள்.

"காஞ்சாத்தானே போறேன்னு சொன்னேன்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி உலை வைத்தாள். ராக்கியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அன்றைக்கு மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார்.

அன்று மத்தியானமே ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளர், எலெக்ஷனில் சீட் கொடுப்பதற்காகக் காரில் வந்து இறங்கினார். ராக்கியப்பனும் ஊர்க்காரர்களும் காட்டைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி உள்ளே வராம இருக்கறதுக்குங்களா?" என்று செயலாளர் கேட்டார்.

"வெளியே போகாம இருக்கறதுக்குங்க" என்றார் ராக்கியப்பன். "தண்ணி வந்து பயிர் முழுகிக் கிடக்கறதைக் கண்டிச்சு அடுத்த உண்ணாவிரதம். அனுமதி திங்கக்கிழமைக்குத்தான் கிடைச்சிருக்குது. அதுக்குள்ளே வடிஞ்சுதுன்னா கேஸ் ஆயிருமுங்க."

செயலாளர் தலையாட்டினார். காட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து பார்த்தார்.

"இந்த மூலையில கசியுதுங்களே" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மூட்டையைத் தூக்கினார்.