உப்பு கேட்ட மரக்கால்

அந்தக் காலத்தில், அதாவது உரலும் உலக்கையும்கூட ஒன்றையொன்று குறை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், அடுப்படியில் எதற்கும் ஓர் அளவு உண்டு. அரிசிக்கு மரக்கால், பருப்புக்குப் படி, உப்புக்கு உழக்கு. அளந்து போட்டால் போட்டதுதான். யாரும் குழம்பை நாக்கில் விட்டுப் பார்த்ததே இல்லை. உழக்கு அளந்து கொடுத்த பிறகு நாக்குக்கு அங்கே என்ன வேலை?

இந்த ஏற்பாட்டில் உப்பைத் தவிர எல்லாருக்கும் திருப்தி. மரக்கால் பெரியது, உழக்கு சிறியது என்பதைக்கூட அது பொறுத்துக்கொண்டது. அளக்கிற விதத்தைத்தான் அதனால் பொறுக்க முடியவில்லை. அரிசி என்றால் மரக்காலுக்கு மேலே கோபுரமாகக் குவித்து, ஒரு மணி சரியாமல் இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிப் போவார்கள். உப்பு என்றால் உழக்கில் அள்ளி, விளிம்புக்கு மேலே நிற்பதைக் கையால் வழித்துத் தள்ளிவிடுவார்கள். அதற்குப் பெயரே தலை தட்டி அளப்பது.

"அவனுக்குத் தலையில கோபுரம், எனக்குத் தலையில தட்டா?" என்று உப்பு பானைக்குள் கிடந்து புலம்பும். பக்கத்துப் பானையிலிருந்து அரிசி பதிலே சொல்லாது. அது இன்னும் வயிற்றெரிச்சல். உப்புக்கு ஏது வயிறு என்று என்னிடம் கேட்காதீர்கள். எரிந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இந்த உப்பு இருந்தது தாமிரபரணி கடலில் கலக்கிற பக்கத்தில், ஆவுடையம்மாள் வீட்டில். அவள் மகள் இசக்கிக்கு நல்ல வரன் ஒன்று கூடி வந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா நயினார் தன் ஆட்களோடு அன்றைக்குச் சாப்பிட வருகிறார். பெண் வீட்டில் கை நனைத்து, போட்ட இலையை முடித்து எழுந்தால் சம்பந்தம் உறுதி. பாதியில் எழுந்தால் முறிந்தது என்று அர்த்தம். அதனால் ஆவுடைக்குக் காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒத்தாசைக்கு அவளுடைய ஓரகத்தி சொர்ணம் வந்திருந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி, எதிர்த்த வீடு. அவளுக்கும் ஒரு மகள் உண்டு, இசக்கிக்கு மூத்தவள். தன் வாசலுக்கு வந்திருக்க வேண்டிய வரன் எதிர் வாசலுக்குப் போய்விட்டது என்பது சொர்ணத்தின் எண்ணம். வெங்காயம் உரிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கண் கலங்கினால் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள் அல்லவா?

பந்திப் பாய் விரிக்கப் போகும்போது ஆவுடை சொன்னாள்: "ஏட்டி சொர்ணம், குழம்புக்கு உப்புப் போட்டுரு. ஒரு உழக்கு, தலை தட்டி."

சொர்ணம் பானையைத் திறந்தாள்.

"இன்னைக்குமா தலை தட்டி?" என்றது உப்பு.

"நான் இருக்க எரிச்சல்ல நீ வேறயா?"

"ஒனக்கு என்ன எரிச்சல்?"

யாரிடமும் சொல்லாததை சொர்ணம் உப்பிடம் சொன்னாள். உப்பு முழுவதையும் கேட்டது. கேட்கக் கேட்க அதற்கு ஒரு யோசனை பிறந்தது.

"நீயும் நானும் இந்த வீட்டுல தலையில தட்டு வாங்குன ஆளுவ" என்றது. "ஒரே ஒரு தடவை என்னை மரக்காலில குவிச்சு அள. எனக்குக் கோபுரம் ஆச்சு. ஒனக்கும் ஆக வேண்டியது ஆயிரும்."

சொர்ணம் கெட்டவள் இல்லை. தயங்கத்தான் செய்தாள். ஆனால் அந்த நேரம் பார்த்து வெளியே ஆவுடை, "எல்லாம் எம் மவ ராசி" என்று யாரிடமோ சிரித்துச் சொல்வது காதில் விழுந்துவிட்டது. சொர்ணம் மரக்காலை எடுத்தாள். உப்பைக் கோபுரமாகக் குவித்தாள். ஒரு கல் சரியாமல் அணைத்துக்கொண்டு போய்க் குழம்பில் கவிழ்த்தாள். அந்த நான்கு எட்டு நடைக்கு உப்புக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

பந்தியில் நயினார் முதல் கவளத்தை வாயில் வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, மற்றவர்கள் சோற்றில் கை வைக்கவே இல்லை.

"ஒங்க வீட்டுல கை நனைக்க எங்களுக்குக் குடுத்து வைக்கல தாயீ" என்று இலையைத் தள்ளிவிட்டு எழப் போனார்.

"கொஞ்சம் இருங்க, வேற குழம்பு கொண்டாறேன்" என்று ஆவுடை குறுக்கே வந்து நின்றாள். நயினார் நல்ல மனிதர், அதோடு நல்ல பசி. சரி என்று உட்கார்ந்தார்.

ஆவுடை அடுப்படிக்கு ஓடினாள். நம்ப முடியாமல், கொதிக்கிற குழம்பைக் கரண்டியோடு வாயில் விட்டாள். சூடும் உப்பும் சேர்ந்து அவள் நாக்கை வேக வைத்துவிட்டன. மரக்காலின் விளிம்பெல்லாம் உப்பு ஒட்டியிருந்தது. சொர்ணம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எம் மவ ஒனக்கு என்னட்டி செஞ்சா?" என்றாள் ஆவுடை. 

அழ நேரமில்லை. ஆவுடை புதுக் குழம்பு கூட்டினாள். உப்பு அளக்க உழக்கை எடுத்தால், அது வாயை மூடிக்கொண்டது. "என்னை வேண்டாம்னு போனவனை நான் எதுக்கு அளக்கணும்?" என்றது. படியும் மாட்டேன் என்றது. மரக்காலுக்குத்தான் கோபம் அதிகம். "எனக்கு வாயெல்லாம் கரிக்குது. இனி எங்க குடும்பத்துல ஒருத்தரும் இவனை ஏந்த மாட்டோம்" என்றது.

"அப்ப என் அளவு என்ன?" என்று உப்பு கேட்டது. 

வேறு வழியில்லாமல் ஆவுடை கையாலேயே கொஞ்சம் அள்ளிப் போட்டாள். போதுமா, பற்றாதா? நாக்கில் விட்டுப் பார்த்தாள். வெந்த நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே மாப்பிள்ளை வீட்டார் செருமுவது கேட்டது. அந்த அடுப்படியில் நன்றாக இருந்த நாக்கு ஒன்றே ஒன்றுதான். அது சொர்ணத்தின் நாக்கு.

"கையை நீட்டு" என்றாள் ஆவுடை. நீட்டிய உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டாள். "உப்புப் பாரு."

சொர்ணம் நக்கிப் பார்த்தாள். சப்பென்று இருந்தது. 'சரியா இருக்கு' என்று சொன்னால் போதும். வந்தவர்கள் எழுந்து விடுவார்கள். எழுந்தவர்களுக்கு எதிரே இருக்கிற தன் வீடு எவ்வளவு தூரம்?

"சொல்லுட்டி. நீ சரின்னா நான் இறக்கிருவேன்."

"இவ்வளவுக்கு அப்புறம் என்னை நம்புதியளாக்கா?"

"எனக்கு வேற நாக்கு இல்ல."

சொர்ணம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் அவளுக்கு வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது. எதிர் வாசல்மேல் இருந்த கண்ணும் போகவில்லை. அதையெல்லாம் மீறிச் சொன்னாள்: "பத்தாதுக்கா. இன்னும் கொஞ்சம் போடுங்க."

ஆவுடை போட்டாள். இன்னொரு சொட்டு விட்டாள்.

"இன்னும் ஒரு கல்லு."

அதையும் போட்டாள்.

"போதும். இறக்குங்க."

நயினார் குழம்பை மறுபடி கேட்டு வாங்கி, இலையை வழித்துச் சாப்பிட்டுத்தான் எழுந்தார். இசக்கியின் கல்யாணம் நிச்சயமாயிற்று.

உப்பு மட்டும் விடவில்லை. "தாயீ, இப்ப என்னை எவ்வளவு போட்ட? உழக்கா, படியா? அரிசியைவிடக் கூடத்தானே?" என்று நச்சரித்தது.

ஆவுடை விறகை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "தேவையான அளவு."

அன்று முதல்தான், சமைக்கிறவர் தன் நாக்கை நம்பாமல் அடுத்தவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "உப்புப் பாரு" என்கிறார். அரிசிக்கு இவ்வளவு, பருப்புக்கு இவ்வளவு என்று அளந்து அளந்து சொல்லிவருகிற சமையல் குறிப்பும் அன்று முதல்தான் உப்பிடம் வந்ததும் 'தேவையான அளவு' என்று முடித்துக்கொள்கிறது. அது அரிசியைவிடக் கூடவா குறைவா என்று உப்பிடம் இன்றுவரை யாரும் சொல்லவில்லை.