போத்து மூடிய பானை

அந்தக் காலத்தில், பறவைகள் பேசிக்கொண்டும் அதைவிட அதிகமாகச் சண்டை போட்டுக்கொண்டும் இருந்த காலத்தில், செம்போத்துக்கு வெறும் போத்து என்றுதான் பெயர். தலை முதல் வால் வரை ஒரே கருப்பு. கண்ணும் கருப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் காக்கைக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியாது. அண்டங்காக்கை ஆண்டியப்பன் அவனைப் "பங்காளி" என்று கூப்பிடுவதும் அதனால்தான்.

தெற்குச் சீமையில் ஒரு பெரிய குளம். அதன் கரையில் தாழம்புதர் ஒன்றில் போத்தும் அவன் மனைவி பேச்சியும் குடியிருந்தார்கள். ஐப்பசி பிறந்தால் போதும், பனிமலைக்கு அந்தப் பக்கமிருந்து பட்டைத்தலை வாத்துகள் அந்தக் குளத்துக்கு விருந்தாட வந்துவிடும். பங்குனி முடிகிறபோது ஊர் திரும்பும். திரும்புகிறவர்களுக்கு வழிக்கு ஒரு பானை சுண்டக்கஞ்சி கொடுத்தனுப்புவது குளத்து வழக்கம். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, இடித்து, கூழாகக் காய்ச்சி, பழைய பானையின் அடிவண்டலைக் கலந்து புளிக்கவைக்கிற சரக்கு அது. காய்ச்சுகிற உரிமை பரம்பரையாகப் போத்து வீட்டுக்கு.

ஒரே ஒரு சிக்கல். சுண்டக்கஞ்சி மூன்று நாள்தான் தாங்கும். பயணமோ ஒரு மாதம்.

அந்த வருஷம் ஐப்பசியில் வாத்துத் தலைவர் தரையிறங்கியதும் சிறகைக்கூட மடக்கவில்லை.

"எங்கே வே அந்தப் போத்து?" என்று கேட்டார். "நீர் குடுத்த பானை பாதி வழியிலேயே கெட்டுப்போச்சு. குடிச்ச அத்தனை பேருக்கும் வயித்தால போச்சு. கீழே உழுதுக்கிட்டிருந்தவங்க மழைன்னு நினைச்சுக் கும்பிட்டாங்க. எங்களுக்குத்தானே தெரியும், அது என்ன மழைன்னு!"

குளமே சிரித்தது. போத்து மட்டும் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சிரிக்காதீங்க," என்றார் தலைவர். "இந்தத் தடவையும் கெட்டுச்சுன்னா, அடுத்த வருஷம் நாங்க பக்கத்துக் குளத்துக்குப் போயிருவோம்."

சிரிப்பு நின்றுபோனது. வாத்துகள் கூட்டமாகக் கத்துகிற வரைக்கும்தான் பருந்துகள் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது. குஞ்சு வைத்திருந்த ஒவ்வொருவரும் போத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவுக போனா, நீயும் புதரைக் காலி பண்ணிர வேண்டியதுதான் பங்காளி," என்றான் ஆண்டியப்பன். நாரை, கொக்கு, முக்குளிப்பான் எல்லாம் ஒன்றுபோலத் தலையாட்டின.

அன்றிலிருந்து போத்துக்கு இரை இறங்கவில்லை. எந்த நேரமும் பானை நினைப்புதான். மாசியும் போய்ப் பங்குனி வந்தது. ஒரு நாள் பேச்சி தானியக் குதிரின் மூடியைத் திறந்தாள். உள்ளே வேப்பிலை கிடந்தது.

"இது எதுக்கு?" என்றான் போத்து.

"இதென்ன கேள்வி? புழு வராம இருக்கத்தான். கசப்புன்னா எதுவும் கிட்ட வராதுல்லா?"

போத்து நிமிர்ந்து பார்த்தான். தலைக்கு மேலே வேப்பமரம் பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான், வேலை தொடங்கிவிட்டது. வழக்கமாகப் போடுகிற கேழ்வரகுக்கு இரண்டு மடங்கு போட்டான். சரக்கு வீரியமாக இருந்தால் சீக்கிரம் கெடாது என்பது அவன் கணக்கு. கூழ் கொதிக்கும்போது ஒரு கூடை வேப்பம்பூ போட்டான். இறக்கும்போது ஒரு கூடை. ஆறியதும் வண்டலைக் கலந்தான். இரண்டு நாள் புளித்த பிறகு, மணத்துக்கென்று இன்னொரு கூடையைப் பச்சையாகவே மேலே தூவினான். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு சொட்டு ருசி பார்த்தான். முகம் கோணி, வால் விறைத்து, அலகு தானாகத் திறந்துகொண்டது.

"நல்லாருக்கா?" என்றாள் பேச்சி.

"பயங்கரமா இருக்கு," என்றான் போத்து, சந்தோஷமாக. "எந்தப் புழு இதுல பிழைச்சிரும்னு பாப்போம்!"

"புழு கிடக்கட்டும். குடிக்கிறவுக பிழைப்பாகளா?"

புளிக்கிற பானை பேசும். "கூப்... கூப்... கூப்..." என்று அடியிலிருந்து குமிழ் வந்து மேலே உடையும். அந்தப் பேச்சு தானாக அடங்கின பிறகுதான் மூடி வைத்து மண் பூச வேண்டும். சாதாரணச் சரக்கு மூன்று நாளில் அடங்கிவிடும். இரட்டைக் கேழ்வரகு அல்லவா, இது ஆறாம் நாளும் அடங்கவில்லை. விருந்துக்கு வந்த மாமியாரைப்போல ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தது. போத்து பானையருகே உட்கார்ந்து "ம்... ம்..." என்று உம் கொட்டினான்.

ஏழாம் நாள் காலையில் தென்காற்று கிளம்பிவிட்டது. வழக்கத்துக்கு ஒரு வாரம் முன்னால்.

"காத்து வந்தாச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்புதோம். பானை ஆச்சா?" என்று குளத்து நடுவிலிருந்து கேட்டார் தலைவர்.

பானை "கூப்" என்றது.

"ஆச்சுங்க!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினான் போத்து.

"என்னங்க, அது இன்னும் பேசுது," என்றாள் பேச்சி.

"பேசட்டும். வாயை மூடினா எல்லாம் தானா அடங்கும்."

பேச்சி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் அதைக் கவனிக்கவில்லை. மூடியை வைத்து அழுத்தினான். குளத்துக் களிமண்ணைக் குழைத்துக் கழுத்தைச் சுற்றிக் கனமாகப் பூசினான். வெயிலில் மண் இறுகியது. பானை சத்தமில்லாமல் இருந்தது.

"பாத்தியா?" என்றான் போத்து.

வாத்துகள் வரிசையாக வந்து நின்றன. குளத்துப் பறவைகள் எல்லாம் சுற்றிலும் கூடின. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நன்றி சொல்லத் தொடங்கினார். வடக்கத்திப் பேச்சு, நீளமாகப் போனது. அந்த நேரம் பார்த்துப் பானை லேசாக ஆடியது.

போத்து நைசாக ஒரு காலை மூடிமேல் வைத்தான். கால் மேலே எழும்பியது.

"பங்காளி, உன் பானை மூச்சு விடுது," என்றான் ஆண்டியப்பன்.

"வாயை மூடு."

"என் வாயை விடு. அதோட வாயைப் பாரு!"

மண்ணில் முடிபோல ஒரு கீறல் விழுந்தது. "உஸ்ஸ்" என்று சத்தம் கேட்டது. போத்துக்குப் புதர் கண்முன் வந்தது. பேச்சி முட்டையோடு ஊர் ஊராக அலைவதும் தெரிந்தது. பாய்ந்து பானை கழுத்தை இரண்டு சிறகாலும் இறுகக் கட்டிக்கொண்டான். கீறல் எவ்வளவு பெரிது என்று கண்ணை அதன்மேல் வைத்துப் பார்த்தான்.

பார்த்திருக்கக் கூடாது.

டமார்! மூடி பனைமரத்துக்கு மேலே போனது. பழுப்பு நுரை பொங்கி, கட்டிப்பிடித்திருந்த இரண்டு சிறகையும் முழுக நனைத்தது. வேப்பம்பூக் கசப்பு கண்ணுக்குள் பீய்ச்சியடித்தது. "ஐயோ பேச்சி!" என்று மல்லாந்து விழுந்தான் போத்து. ஆண்டியப்பன் ஓடிய ஓட்டத்தில் கொக்கின்மேல் ஏறிப் போனான்.

நுரை அடங்கியபோது போத்து கையெடுத்துக் கும்பிடும் நிலையில் கிடந்தான். கண் இரண்டும் குன்றிமணி.

"மன்னிச்சிருங்க," என்றான். "புதரை இன்னைக்கே காலி பண்ணிருதோம்."

தலைவர் அலகில் ஒரு துளி நுரை தெறித்திருந்தது. அதை நாக்கால் தொட்டார். முகம் சுருங்கியது. கழுத்து முறுகியது.

"என்ன கசப்பு வே இது!" என்றார். அலகை இன்னொரு தடவை நக்கினார். பிறகு கேட்டார்: "பானையில மிச்சம் இருக்கா?"

பாதி இருந்தது. உள்ளே அடைபட்ட மூச்செல்லாம் வெளியேறிவிட்டதால் அது பரம சாதுவாகக் கிடந்தது. பேச்சி அதைச் சுரைக்குடுக்கைகளில் ஊற்றி, வாத்துகளின் கழுத்தில் கட்டி அனுப்பினாள்.

அடுத்த ஐப்பசி வரைக்கும் போத்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தான். தினமும் குளத்தில் இறங்கிச் சிறகைத் தேய்த்தான். செங்கல் நிறம் போகவே இல்லை. கண்ணிலும் சிவப்பு தங்கிவிட்டது.

"நீ யாருய்யா?" என்றான் ஆண்டியப்பன். "எங்க வகையில இப்படிக் கலர் கிடையாதே."

ஐப்பசி முதல் நாள் வானத்தில் கூச்சல் கேட்டது. வாத்துகள் அதே குளத்தில் வந்து இறங்கின. தலைவர் நேராகத் தாழம்புதருக்கு வந்தார்.

"பனிமலை உச்சி வரைக்கும் கெடலைய்யா! கடைசிச் சொட்டுக்கு ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டாங்க. இந்த வருஷம் ரெண்டு பானை போடும்."

புதர் தங்கிவிட்டது. ஆனால் பேச்சி ஒரு நிபந்தனை போட்டாள். "இனிமே நீங்களா முடிவு பண்ணி மூடக் கூடாது. அடங்கிருச்சான்னு கூப்பிட்டுக் கேளுங்க. பதில் வந்தா மூடாதீங்க. சரியா?"

போத்து ஒப்புக்கொண்டான். பங்குனியில் பானை போட்டபோது, சரக்கு ஊறின சிறகு பறக்கவிடாமல் கனத்ததால் புதருக்குள் நடந்தே போனான். பானை இருக்கும் பக்கம் தலையைச் சாய்த்து, "கூப்... கூப்... கூப்...?" என்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: "கூப்... கூப்... கூப்..."

"இன்னும் அடங்கலை," என்று திரும்பிவிட்டான்.

பதில் சொன்னது பானை இல்லை. அடுத்த புதரில் உட்கார்ந்திருந்த பேச்சி. இன்னொரு தடவை அவன் கண்ணில் நுரை பாய்வதைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. அடங்காத சரக்கைக் குடுக்கையில் அடைத்தும் வழிக்குக் கொண்டுபோக முடியாதே, வெடித்துவிடும். அதனால் வாத்துகள் மொத்தத்தையும் இங்கேயே குடித்துத் தீர்த்துவிட்டுத்தான் கிளம்புகின்றன. அவை பறக்கிற வரிசை ஒரு பக்கம் கோணிக்கொண்டு போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அன்று தொட்டுத்தான் போத்து செம்போத்தானான். சிவந்த கண்ணோடு புதர் புதராக நடந்து "கூப் கூப்" என்று கேட்கிறான், அடுத்த புதரிலிருந்து அவன் மனைவி இன்றைக்கும் அடங்காமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.